மூன்றாவது காபி

டிராவ்னிக், போஸ்னியா
செப்டம்பர் கடைசி, திங்கட்கிழமை

பெருமதிப்புக்குரிய அக்கா ரெமீசாவுக்கு,

தம்பி சகீப் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. ஸலாம். இங்கே நானும் முனீராவும் ஒருவாறு இருக்கிறோம். எனக்கு ரத்தக் கொதிப்பு, அவளுக்கு நான். நீங்களும் அத்தானும் அந்த ஸ்வீடன் குளிரில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும்.

சங்கதிக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு நீங்கள் அர்மினுக்கு போன் போட்டு, "கூடைப்பந்து ஆடினது போதும்டா" என்று ஒரு அதட்டல் போட வேண்டும். பெற்றவர்கள் சொன்னால் சிரிக்கிறான். அத்தை சொன்னால் கேட்பான்.

பத்தொன்பது வயதில் பஸ் ஏறிப் போன பிள்ளை துருக்கி, போலந்து, லெபனான், ஈரான் என்று ஊர் ஊராக ஆடிவிட்டு, முப்பத்தாறு வயதில் ஜூலை மாதம் வீடு வந்து சேர்ந்தான். அவன் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்தவன், வீடோ நம் அப்பா தன் உயரத்துக்குக் கட்டியது. வந்த அன்றே நிலைப்படியில் இடித்துக்கொண்டான். சமையலறை விளக்கை இரண்டு தடவை நெற்றியால் உடைத்தான். இப்போது கட்டிலுக்கு அப்பால் ஒரு நாற்காலி போட்டு அதில் காலை நீட்டித் தூங்குகிறான், அந்த நாற்காலி என்னுடையது, நான் ரேடியோ கேட்பது இப்போது நின்றபடிதான். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் அக்கா, முட்டிதான் பிரச்சினை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது உன் முட்டியா, உங்கப்பா முட்டியா?" என்று கேட்டார். இன்னும் ஒரு வருஷம் ஆடினால் படி ஏறுவதே சிரமம் என்றும் சொன்னார். முனீரா அன்றே வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டாள், முட்டிக்குள் காற்று புகுந்துவிடுமாம். கோடை முழுக்க மூன்று பேரும் உள்ளேயே அவிந்தோம்.

"அம்மா, முட்டிக்குள்ள எல்லாம் காத்து போகாதும்மா."

"போகாதா? உங்க பெரிய மாமாவுக்கு வாய் எதனால கோணிச்சு? எதிரெதிரா ரெண்டு ஜன்னலைத் திறந்து வெச்சு நடுவுல படுத்ததாலதான்! பேசாம மூடிட்டு உக்காரு."

ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று அவளுக்கு அவன் வாக்கும் கொடுத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் ஜெவாத் வந்தார். தெரியுமே, உங்களோடு பள்ளியில் படித்த ஆணிக்கடைக்காரர், இப்போது ஊர்க் கூடைப்பந்து கிளப்புக்கு அவர்தான் தலைவர். முறைப்படி ஒரு பொட்டலம் காபித்தூளும் ஒரு பெட்டி சர்க்கரைக் கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். முனீரா அவருக்கு இரண்டு காபி கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அர்மின், போன வருஷம் நாமதான் கடைசி. இந்த வருஷமும் தோத்தா கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிடுவாங்க. அப்புறம் நம்ம ஹாலுக்கு யாருப்பா வருவாங்க, கல்யாண மண்டபமாத்தான் ஆக்கணும். ஒரே ஒரு வருஷம் ஆடிக் கொடு."

"அம்மாவுக்கு வாக்கு கொடுத்துட்டேன் மாமா" என்றான் இவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நீங்கள் ஊரை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. அங்கே விருந்தாளியை எப்படி அனுப்பிவைக்கிறார்களோ தெரியாது. இங்கே இன்னும் பழைய வழக்கம்தான்: வந்ததும் ஒரு காபி, பேச்சுக்கு ஒரு காபி, மூன்றாவது வந்தால் அது கிளம்பு காபி, "போயிட்டு வாங்க" என்று அர்த்தம். எத்தனை முடிந்தது என்று நான் என்ன கண்டேன்? இந்த வீட்டில் காபி போடுவது முனீராவின் வேலை. அவர் ஹாலின் கதையைச் சொல்லக் கேட்டு, கண்ணைத் துடைக்கச் சமையலறைக்குப் போனவன், சும்மா திரும்பக் கூடாதே என்று ஒரு காபியைப் போட்டு எடுத்துவந்து வைத்தேன். ஜெவாத் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்தார்.

"புரிஞ்சுதுய்யா சகீப். வாயைத் திறந்தே சொல்லியிருக்கலாம்!"

அவர் வந்து அரை மணிகூட ஆகியிருக்கவில்லை, அக்கா. ஷூவைச் சரியாக மாட்டாமல், பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டார். அன்று சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரி, "உங்க வீட்டுல மூணாவது காபி சீக்கிரமே வந்துடுதாமே?" என்று கேட்டாள். செவாப்பிக் கடையில் சுட்ட இறைச்சியோடு எப்போதும் வைக்கும் வெங்காயத்தை வைக்காமல் கொடுத்தார்கள். வெங்காயம் இல்லாமல்! நான் யாரைக் கொலை செய்தேன்?

மானம் போனது போதும் என்று மறுநாள் அர்மினையே மன்னிப்புக் கேட்க அனுப்பினேன், கையில் காபியும் சர்க்கரையும் கொடுத்து. ஜெவாத் கட்டிப்பிடித்து வரவேற்றாராம். முதல் காபி வந்தது. இரண்டாவது வந்தது. பிறகு இறைச்சி அடைத்த பூரெக் வந்தது, தர்பூசணி வந்தது, கிளப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மூன்றாவது காபி மட்டும் வரவே இல்லை. பாதியில் எழுந்து வருவது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளை, மத்தியானம் போனவன் பொழுது சாயும்வரை முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். கடைசியில், "சரி, ஆடறேன். இப்பவாவது அந்தக் காபியைக் கொண்டு வாங்க" என்றானாம். உள்ளே அது தயாராகவே இருந்ததாம்!

அன்று இரவு முனீரா அவரைக்காய் சூப்பைத் தட்டில் ஊற்றவில்லை, எறிந்தாள். அவன் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா, பதினேழு வருஷம் எங்கெங்கயோ ஆடினேன். பந்தைப் போட்டதும் திரும்பிக் கூட்டத்தைப் பார்ப்பேன். ஆயிரம் பேர் கத்துவாங்க. தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருக்காது."

அவள் எழுந்து போய், ஏற்கெனவே சாத்தியிருந்த ஜன்னலை இன்னொரு தடவை சாத்தினாள்.

எனக்கும் மனம் இளகத்தான் செய்தது, மறைப்பானேன். அவன் ஆடியதை எல்லாம் நான் கம்ப்யூட்டரில்தான் பார்த்திருக்கிறேன். பந்து மேலே போகும், படம் அப்படியே நின்றுவிடும். விழுந்ததா இல்லையா என்று தெரியாமலே படுக்கப் போவேன். ஆனாலும் அதற்காகப் பிள்ளை நொண்டலாமா? நான் உறுதியாக இருக்கிறேன். முதல் ஆட்டம் அடுத்த சனிக்கிழமை. அதற்குள் போன் போட்டு நிறுத்துங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளின் கன்னத்தில் என் சார்பில் முத்தம். உங்கள் கைகளுக்கு எந்த வலியும் வராதிருக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
சகீப்

பின்குறிப்பு: மேலே உள்ளதை முனீரா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். இதை அஞ்சலகத்தில் நின்று எழுதுகிறேன். "மூணாவது காபியைக் கண்ணுல காட்டாதீங்க, அது வராம என் பையன் எழுந்திருக்க மாட்டான்" என்று, அர்மினை அனுப்பிய கையோடு ஜெவாத்துக்கு போன் போட்டுச் சொன்னதே நான்தான். முட்டியைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு தடவை, ஒரே தடவை, அந்தப் பந்து மேலே போய்க் கீழே விழுவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும் அக்கா. வரும் வழியில் திருட்டுத்தனமாக ஒரு டிக்கெட் வாங்கலாம் என்று ஹாலுக்குப் போனேன். அங்கிருந்த பெண் சிரித்தாள்.

"உங்க வீட்டம்மா நேத்தே வந்து மூணு வாங்கிட்டாங்களே. கதவுப் பக்கம் வேணாம், காத்தடிக்கும்னு கேட்டு வாங்கினாங்க. ஒண்ணு ஸ்வீடன்ல இருக்கற நாத்தனாருக்காம்."

போன் போட வேண்டாம் அக்கா. கிளம்பி வாருங்கள்.