டப்பாவில் கடைசிப் பெயர்

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை இனி எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று புரோகிராமர் முடிவெடுத்தார். வாராவாரம் கண் செருகும் நேரம் பார்த்துத்தான் வீட்டில் வேலை முளைக்கும். அதனால் வேலைகளைப் பங்கு போட்டு, நேரத்துக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி ஹால் ஸ்பீக்கருக்கு ஒரு புரோகிராம் எழுதினார். பாத்திரம் மனைவிக்கு, துணி மாமியாருக்கு, குப்பை மச்சானுக்கு. பேப்பரை மடித்து வைக்கும் மாபெரும் பொறுப்பு, 'வீட்டுக்காரர்' என்ற பெயரில், தனக்கு.

மனைவிக்கும் மென்பொருள் கம்பெனியில்தான் வேலை. அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது. இருந்தாலும் அவளுக்குப் பாடம் எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஃபங்ஷன்னா ஒரு வேலையைச் செய்ற ஆள் மாதிரி. நான் எழுதினது ஆளையே உண்டாக்கித் தர்ற ஃபங்ஷன். ஹையர் ஆர்டர்!"

"அடேங்கப்பா!"

"அந்த ஒவ்வொரு ஆளும், பொறந்தப்போ பக்கத்துல என்ன இருந்ததோ அதை விடவே மாட்டான். அதுதான் க்ளோஷர்."

"யாரைக் கூப்பிடணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல ஒரு டப்பா. அதுல ஒவ்வொரு பேரா மாத்திப் போட்டுக்கிட்டே வருவேன்."

"எல்லாருக்கும் ஒரே டப்பாவா?"

"பின்னே? சிக்கனம்!"

அவள் திரையில் பெயர்கள் போட்டிருந்த வரிசையை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, உங்களை முதல்ல போட்டு என்னைக் கடைசியில போட்டிருக்கீங்களே. குடும்பத் தலைவர்னா எல்லாரையும் முன்னால விட்டுட்டுக் கடைசியில நிக்கணும். அதுதானே பெருந்தன்மை?"

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு பெயரையும் இடம் மாற்றினார். பிறகு எல்லோரையும் கூட்டி, "ஸ்பீக்கர் சொன்னா மறுபேச்சு கிடையாது" என்று அறிவித்தார். மூவரும் தலையாட்டினார்கள்.

ஞாயிறு வந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். ஸ்பீக்கர் வாயைத் திறந்தது.

"பாத்திரம் கழுவ, வீட்டுக்காரர்."

துள்ளி எழுந்தார்.

"துணி மடிக்க, வீட்டுக்காரர். குப்பை கொட்ட, வீட்டுக்காரர்."

"என்னடி இது?"

"உங்க ஆளுங்க பேரையா பிடிச்சிருக்காங்க? டப்பாவைப் பிடிச்சிருக்காங்க. கூப்பிடுறப்போ திறந்து பார்த்தா, கடைசியா போட்ட பேர்தானே இருக்கும்?"

"தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"கடைசியில நான்தானேங்க இருந்தேன்? என் இடத்தை உங்களுக்கு விட்டுக்கொடுத்தேன்."

"இரு, இப்பவே சரிபண்றேன்."

"தாராளமா. பாத்திரத்தைக் கழுவிட்டு வாங்க. மறுபேச்சு கிடையாதே."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியடியில் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. படுக்கையறையில், அவருடைய தலையணையிலேயே, மனைவி நிம்மதியாகக் குறட்டை விட்டாள். குழம்புச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் மறுபடி பேசியது.

"பேப்பர் மடிக்க, வீட்டுக்காரர்."

அந்த ஒன்று மட்டும் அவர் எழுதியபடியே சரியாக வேலை செய்தது.