நாகம்மாள் வீட்டுப் பந்தி

"ஊர்ல அத்தனை கல்யாணம் இருக்கையில..."

"இடம் இல்ல ஆனந்தா, ஹார்டிஸ்க்குல இடம்..."

"...நாகம்மாள் வீட்டுக் கல்யாணத்தைத்தானா அழிக்கணும்?"

"ஒன்பது வருஷமா யாரும் வந்து கேக்கலியே. பெருசா வேற இருந்துச்சு."

பூதலூர் ரயிலடி எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் சாமிதுரைக்கு மனைவி ஆனந்தவல்லி கேட்கக் கேட்க வேர்த்தது. எடுத்த கல்யாணங்களையெல்லாம் பழைய ஹார்டிஸ்க் ஒன்றில்தான் சேர்த்து வைப்பார். அது மூச்சுமுட்ட நிறைந்துபோகவே, நேற்று ஒரே ஒரு கல்யாணத்தைத் தூக்கினார். இன்று காலை நாகம்மாள் போன் செய்து, அந்தப் பந்தி வீடியோவைப் பார்க்க அண்ணனோடு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பந்தி ஊரறிந்தது. நாகம்மாளின் மூத்த மகள் கல்யாணத்தில், தாய்மாமன் அரசப்பனைப் பரிமாறிய இலையிலிருந்து யாரோ எழுப்பிவிட்டார்கள். தாய்மாமனுக்கு அதைவிட அவமானம் உண்டா. பின்னாலிருந்து குரல் கொடுத்தது தங்கை புருஷன்தான் என்று அரசப்பன் சாதித்தார். இல்லவே இல்லை என்றாள் நாகம்மாள். அன்றோடு பேச்சு நின்றது. இப்போது இளையவளுக்குக் கல்யாணம். வீடியோவில் தங்கை புருஷன் இல்லையென்றால் சீரோடு வருவேன், இருந்தால் வாசல் மிதிக்கமாட்டேன் என்று அரசப்பன் சொல்லியனுப்பியிருந்தார்.

சாமிதுரை ஹார்டிஸ்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு கம்ப்யூட்டர் மெக்கானிக் ஜெகனிடம் ஓடினார். அழித்த இடத்தில் வேறெதையும் ஏற்றவில்லையே என்று கேட்டான் ஜெகன். போன வாரத்துக் கல்யாணம் இரண்டை ஏற்றியாகிவிட்டது.

"அப்ப கஷ்டம்ண்ணே. வச்சுட்டுப் போங்க, பாக்கிறேன்."

நாலு மணிக்கு அண்ணனும் தங்கையும் நடுவில் ஒரு நாற்காலியை விட்டு உட்கார்ந்தார்கள். எல்லாப் பந்தியும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று நினைத்த சாமிதுரை, அதே மண்டபத்தில் எடுத்து, ஹார்டிஸ்குக்கு மாற்றாமல் கம்ப்யூட்டரிலேயே கிடந்த வேறொரு கல்யாணத்தை ஓட்டிவிட்டார்.

அரசப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாகம்மா, உன் மவ கல்யாணத்துல பிரியாணியா போட்ட?"

ஒன்பது வருஷத்தில் தங்கையிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான் எங்கண்ணே பிரியாணி போட்டேன்? உனக்குப் பிடிக்கும்னு வாழைக்காய் வறுவல் போட்டேன். அதைத் தொடாமகூட எந்திரிச்சுப் போயிட்ட."

திரையில் ஓடியது ஜெய்னுலாபுதீன் வீட்டுக் கல்யாணம். சாமிதுரைக்கு வேறு வழியில்லை. இடமில்லாமல் அழித்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

அரசப்பன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"போனா போகட்டும். உம் புருஷன்தான்னு அதுல இருந்திருந்தா, நான் எந்த முகத்தோட கல்யாணத்துக்கு வர்றது?"

"அதை நினைச்சுத்தாண்ணே நான் ராத்திரியெல்லாம் தூங்கல."

வீடியோ போனதே நல்லது என்று இருவருமே சொன்னார்கள். ஆனந்தவல்லி கொண்டுவந்த காபியை அரசப்பன் தன் கையாலேயே தங்கைக்கு ஆற்றிக் கொடுத்தார். சாமிதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படியொரு மனுஷன் எங்கள் சொந்தத்தில் இருந்திருந்தால் ஒன்பது வருஷம் வீணாகியிருக்காது என்றார். அறுவடை முடிந்ததும் ஒரு மூட்டை அரிசி வீடு தேடி வரும் என்றார். சாமிதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் திட்டித் தீர்த்த ஹார்டிஸ்குக்கு இந்த வருஷம் ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ஜெகன் லேப்டாப்பும் கையுமாகப் படியேறி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சாமிதுரைண்ணே, தாலி கட்டுனதெல்லாம் போச்சு, பந்தி மட்டும் முழுசா வந்துடுச்சு. அதுல, 'பெரியவரே எந்திரிங்க, கேமராவுக்கு மறைக்குது'ன்னு பின்னாலேருந்து கத்துறது உங்க குரல்தானே?"