வேலியைத் தாண்டிய குளம்படி

"யாருய்யா இதைப் போட்டது, நடுப்பாதையில?"

கிளமெண்ட் வாத்தியார் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். குதிரை ரோஸி நாலு காலையும் ஊன்றி நின்றது. நேற்றுவரை ஓடைக்கரைப்பட்டி வழியாக உசிலம்பட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்த மண் தடத்தை, இன்று கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். முள்ளுக்கு மேலே ஒரு தகர போர்டு: 'பிளாட்டுகள் விற்பனைக்கு.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர், சேலம் என்று எங்கெங்கிருந்தோ முப்பது குதிரைகள் வருகின்றன. ஒரே மூச்சில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டம். ஏற்பாடு எல்லாம் வாத்தியார்தான். தார் ரோட்டில் ஓடினால் குதிரைக்குக் கால் போய்விடும். சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்ததே இந்த ஒரு மண் தடம்தான். இதுவும் போனால் ரோஸியை விற்றுவிட்டு, மற்ற வாத்தியார்களைப் போல டியூஷன் எடுக்க வேண்டியதுதான்.

நேரே போய் பிளாட் போடுகிற ராஜபாண்டியைப் பிடித்தார்.

"அண்ணே, அது காலங்காலமா குதிரை போற தடம். ஞாயித்துக்கிழமை முப்பது குதிரை வருது. கொஞ்சம் திறந்து விடுங்க."

"முப்பது குதிரையா!" ராஜபாண்டி எழுந்தே நின்றுவிட்டார். "குதிரை வச்சிருக்கான்னா அம்புட்டுப் பேரும் பசையுள்ள பார்ட்டியால்ல இருப்பான்! கூட்டிட்டு வாங்க வாத்தியாரே, ஆளுக்கு ஒரு பிளாட்டைக் காட்டிருவோம்."

மறுநாள் போய்ப் பார்த்தால் முள்ளுக்குப் பின்னால் கல்லுக்கால் நட்டு, கம்பியும் கட்டியாகிவிட்டது. முப்பது பணக்காரர்கள் பார்க்க வருகிற இடம் அந்தஸ்தாக இருக்க வேண்டாமா?

தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். "நடந்து பழகுன பாதைதான்னு ஊர்க்காரங்க கையெழுத்து வேணும் சார்," என்றார்கள்.

ஊரில் சாமியாடுகிறவர் பேச்சிமுத்து. அவர் போட்டால் ஊரே போடும் என்று முதலில் அவரிடம் போனார்.

"அண்ணே, உங்க ஆடு மாடு எல்லாம் இதுலதானே போகுது? ஒரே ஒரு கையெழுத்து."

பேச்சிமுத்து வானத்தைப் பார்த்தார். "மழை வார மாதிரி இருக்குல்ல சார்?"

அடுத்த வீட்டில் கேட்டார். அங்கேயும் மழைதான் வந்தது. இருபது வீடு ஏறி இறங்கினார். உசிலம்பட்டிப் பக்கத்தில் மழையைப் பற்றி இம்புட்டு நம்பிக்கையாக யாரும் பேசி அவர் கேட்டதே இல்லை.

வெறுத்துப்போய் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் யாரோ எதற்கோ சொன்னது காதில் விழுந்தது. "ராத்திரி முனி குதிரையேறி ஓடுற தடத்துல வீடு கட்டுனவன் வெளங்குனதா சரித்திரம் இருக்கா?"

வாத்தியார் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை விடியக்காலை ரோஸியை வேலி வரைக்கும் விரட்டிக்கொண்டு போனார். ஓரத்துப் புல்லில் இறக்கி, கண்மாய்க் கரையைச் சுற்றி மறுபக்கம் வந்தார். வேலியை ஒட்டின இடத்திலிருந்து மறுபடி விரட்டினார். இந்தப் பக்கம் குளம்படி, அந்தப் பக்கம் குளம்படி, நடுவில் முள் ஒன்றுகூடக் கலையவில்லை. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு!

ராஜபாண்டியின் காவல்காரன் பேயாண்டிதான் முதலில் பார்த்தான். பார்த்தவன் செருப்பைக்கூட எடுக்காமல் ஊருக்குள் ஓடினான். எட்டு மணிக்கு ஊரே கூடிவிட்டது. பேச்சிமுத்துவுக்கு அருள் வந்து, கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார்:

"என் தடத்தை எவன்டா அடைச்சான்?"

காரில் வந்து இறங்கிய ராஜபாண்டி அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து தன் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டு, கம்பியையும் கல்லுக்காலையும் பிடுங்கினார். கை கிழிந்து ரத்தம் வடிந்தது, அப்போதும் நிறுத்தவில்லை.

வாத்தியார் திருநகரில் தன் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். மனைவி பிலோமினாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட கர்த்தரே! ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டம் போடுறது பத்தாதுன்னு முனி வேஷம் வேறயா உங்களுக்கு?"

"நான் எங்க போட்டேன்? ரோஸிதான் போட்டுச்சு."

சனிக்கிழமை மத்தியானம் தடத்தைப் பார்க்கப் போனார். பழைய போர்டு இருந்த இடத்தில் புது போர்டு. 'முனீஸ்வரர் திருத்தடம். தோல் பொருட்கள் கூடாது. சாமியைத் தவிர யாரும் குதிரையில் வரக் கூடாது. இப்படிக்கு, அடிமை ராஜபாண்டி.' அதன் அடியில் அரிவாளோடு பேயாண்டி.

"பேயாண்டி, நான்தான்ப்பா. வாத்தியார்."

"தெரியுது சார். சேணம் தோலு, வாரு தோலு, நீங்க மாட்டிருக்க பூட்ஸும் தோலு. உள்ள கால வச்சா வெட்டிப்புடச் சொல்லிருக்காரு. தப்பா நெனைக்காதீங்க."

செல்போன் அடித்தது. கோயம்புத்தூர் லாரி மதுரை பைபாஸைத் தொட்டுவிட்டதாம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டார்கள். வாத்தியார் "அங்கேயே நில்லுங்க" என்று போனை வைத்துவிட்டு பேச்சிமுத்து வீட்டுக்கு ஓடினார். கொன்றாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு.

"அண்ணே, என்னைய மன்னிச்சிருங்க. நான் வேதக்காரன், உங்க சாமிய வச்சு விளையாண்டது பெரிய தப்பு. வேலியத் தாண்டுனது முனி இல்ல, என் குதிரை."

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று வாத்தியார் பதறிப்போனார்.

மூலையில் புளி தட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி ராமக்காள்தான் வாயைத் திறந்தாள். "முனி குதிரைக்கு யாரு சார் லாடம் அடிக்கா? தடத்தைப் பாத்ததுமே ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப... அண்ணன் சாமியாடுனது?"

"வேற என்னத்தப் பண்ண? நாங்க கையெழுத்துப் போட்டுப் பாதை கேட்டா, மறுநா ராஜபாண்டி தோட்டத்துல எங்களுக்கு வேலை கிடையாது. எங்களுக்கும் அந்தத் தடத்தை விட்டா வேற வழி இல்ல. நீங்க என்னைக்குக் குதிரையோட வந்து சேருவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

"அது சரிக்கா, இப்ப போர்டு வச்சிட்டாரே! அரிவாளோட ஆள் நிக்குதே! நாளைக்கு முப்பது குதிரைய நான் எப்படிக் கொண்டு போவேன்?"

ராமக்காள் புளியங்கொட்டையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"காலையிலயே அவருக்கு சாமி வாக்குன்னு சொல்லி அனுப்பியாச்சு சார்: நாளைக்கு முனி பரிவாரத்தோட முப்பது குதிரையில வருது, ராஜபாண்டியும் அவன் ஆளுகளும் கடைசிக் குதிரை போற மட்டும் குப்புறப் படுத்துக் கெடக்கணும்னு!"