பதினெட்டு மணி நேரத் தூரத்தில் மாமியார்

உலகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் என்னால் குறைக்க முடியும். விமான டிக்கெட் விற்பது என் தொழில். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிடலாம்" என்று சொல்லிச் சொல்லியே பூமியைப் பாதியாகச் சுருக்கியவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு முறை தூரத்தைக் கூட்டிச் சொன்னேன். சொன்னது வீட்டில்.

மாமியார் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். பத்து நாள் வந்து தங்கப்போவதாகச் செய்தி வந்தது. நல்லவர்தான். ஆனால் அவர் வந்தால் என் அறை அவருக்கு. எனக்குக் கூடத்துச் சோபா. அது என் முழங்காலோடு முடிந்துவிடும். மிச்சக் காலுக்கு நானே பொறுப்பு. இந்த முறை விட்டுக்கொடுப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

"ஏங்க, அங்கேருந்து இங்க வர எவ்வளவு நேரமாகும்?" என்றாள் மனைவி. கையில் போன். மறுமுனையில் மாமியார்.

நேரே வரும் விமானத்தில் நாலு மணி நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"பதினெட்டு மணி நேரம்" என்றேன்.

"பதினெட்டா!"

"ரெண்டு எடத்துல விமானம் மாறணும். ஒரு ஏர்போர்ட்ல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு நடக்கணும். அத்தைக்கு முட்டி வலி வேற. பத்து நாளுக்காக இந்தப் பாடு தேவையா?"

"கேட்டியாம்மா?"

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது போன்.

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அறைக்குப் போய்க் கட்டிலில் காலை முழுசாக நீட்டினேன். உறுத்தல் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா பத்து நாளுக்கு வரலைங்க."

"அடடா" என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அவ்வளவு தூரம் வந்துட்டு பத்து நாள்ல திரும்பினா உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஆறு மாசம் இருந்துட்டு வரட்டும்னு அண்ணன் சொல்லிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மானமா, அறையா? அறைதான்.

"அது வந்து... நேரா வர்ற விமானம் ஒண்ணு இருக்கு. நாலே மணி நேரம்! அடுத்த தெரு மாதிரி! பத்து நாள்ல ஜம்முன்னு திரும்பிடலாம்!"

"தெரியும்."

"எப்படி?"

"எதிர்வீட்டு அக்காவை உங்க ஆபீசுக்கு போன் பண்ணிக் கேக்கச் சொன்னேன். எடுத்தது நீங்கதான். 'நாலே மணி நேரம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிடலாம்மா'ன்னீங்களாம். ரொம்பத் தன்மையாப் பேசறீங்கன்னு சொன்னாங்க."

"அப்ப பத்து நாள்தானே?"

"வர்றது உங்க ஆபீஸ் கணக்குல நாலு மணி நேரம். தங்கறது உங்க வீட்டுக் கணக்குல ஆறு மாசம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அம்மா ஏறி மூணு மணி நேரமாச்சு. சட்டையை மாத்திக்கிட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்க."

கிளம்புவதற்கு முன் என் தலையணையை எடுத்துக் கூடத்தில் வைத்தேன். அறையிலிருந்து சோபாவுக்குத் தூரம் எட்டடி. பயண நேரம் ஆறு மாதம்.