படித்தவனைப் படிக்காதவனாக்க ஒரு வேண்டுகோள்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்,
4-3-1959

விழுப்புரம் ரயில் ஷெட்டில் உத்தியோகம் பார்க்கும் என் மச்சான் இன்னாசி அவர்களுக்கு, உங்கள் தங்கை இருதயமேரியின் புருஷன் சவுரிராயன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சருவேசுரன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் கூழுக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் என் மகன், உங்கள் மருமகன் சின்னப்பன்தான். இந்தக் கடிதமே அவனைப் பற்றிய பிராது என்பதால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறான். எழுதட்டும். படித்த படிப்புக்கு இதுவரை கிடைத்த வேலை இது ஒன்றுதான்.

மச்சான், உங்களைக் குறை சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். பாஸ்கா பண்டிகைக்கு வந்த இடத்தில், "இவனைப் படிக்க வை மாப்ளே, ஆபீசரா வருவான்" என்று கொளுத்திப் போட்டவர் நீங்கள். பங்குச் சாமியாரும் ஆமாம் போட்டார். மாடு ஓட்ட வேண்டிய பிள்ளையைப் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறினான் என்றதும் எங்கள் தெருவே கூடி அவன் கழுத்தில் மாலை போட்டது. அன்றைக்குப் பிடித்தது சனியன். ஒரு ஆபீசில் போய் நின்றான், டைப்பு தெரியுமா என்றார்கள். உங்கள் தங்கையின் கம்மலை அடகு வைத்து டைப்பு கற்றுக்கொண்டு போனான், அனுபவம் உண்டா என்றார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கே விளையும், மல்லாட்டைக் கொல்லையிலா? இன்னோர் ஆபீசில் எல்லாம் சரியாக இருந்தது. எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னான். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், அதையும் சொன்னான். அதோடு சரி. சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

பியூன் வேலையாவது பார்ப்போம் என்று போனால், எட்டாவதுக்கு மேல் படித்தவனை அதற்கு எடுப்பதில்லையாம். நான் பள்ளிக்கூடத்துக்கே போய் ஹெட்மாஸ்டர் எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஐயா, எம்புள்ள எட்டாவதுல பெயிலுன்னு ஒரு சர்டிபிகேட்டு குடுங்க, புண்ணியமாப் போவும்" என்று கேட்டேன். பெயில் போடச் சொல்லி வந்த தகப்பன் நீ ஒருவன்தான் என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுத வேண்டாம் என்று சொல்கிறேன், பேனா நிற்கவில்லை, எழுதிவிட்டான் போலிருக்கிறது. பண்ணைக்காரரிடம் போய் இவனைக் களை வெட்டவாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பேப்பர் படிக்கிறவன் வரப்பில் நின்றால் மற்றவர்கள் வேலை செய்யாமல் அவன் வாயையே பார்ப்பார்கள் என்று அவரும் கையை விரித்துவிட்டார்.

போன மாதம் ரோடு போட மேஸ்திரி ஒருவர் ஆள் எடுத்தார். இவனைப் படிக்காதவன் என்று சொல்லிச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, தலையைக் கலைத்து, யாராவது இங்கிலீஷில் பேசினால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கச் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகத்தான் நின்றான். மேஸ்திரி காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். இவனும் கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டான். வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் கண்ணை ஓட்டிப் படித்து முடித்துவிட்டு அப்புறம் வைத்தான். மேஸ்திரி பார்த்துவிட்டார். "கைநாட்டு வைக்கிறவன் எவன்டா காயிதத்தைப் படிச்சிக்கினு நிப்பான்? எதுனா பெட்டிசன் போட வந்துகீறியா?" என்று விரட்டிவிட்டார். வீடு வரும் வரைக்கும் திட்டித் தீர்த்தேன். "படிக்கணும்னு படிக்கலப்பா, எழுத்து கண்ணுல பட்டுச்சு, அதுவாப் படிச்சிக்கிச்சு" என்கிறான். இந்த வியாதிக்கு நான் எந்த டாக்டரைப் போய்ப் பார்ப்பது?

ஆகையால் மச்சான், உங்கள் ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளுகிற வேலை காலியிருந்தால், இவனுக்கு அனா ஆவன்னாகூடத் தெரியாது என்று போர்மேனிடம் அடித்துச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். முகத்தில் கரி அப்பிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. சின்னவள் தெரேசு இந்த வருஷம் ஐந்தாவது முடிக்கிறாள். அவளை அதோடு நிறுத்தப் போகிறேன். இந்த வீட்டுக்கு ஒரு படிப்பாளி போதும். உங்கள் பிள்ளைகளுக்குத் திடமான உடம்பும் அளவான எழுத்தும் கிடைக்க மாதாவை மன்றாடுகிறேன்.

இப்படிக்கு,
சவுரிராயன் (கைநாட்டு)

பின்குறிப்பு: மாமா, இது சின்னப்பன் நானாக எழுதுவது. முடித்ததும் அப்பா படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து உட்கார வைத்து, மறுபடியும் படிக்கச் சொன்னார். என்னைத் திட்டுகிற இடமெல்லாம் தலையை ஆட்டி ரசித்தார். "வாயில சொன்னத எப்பிடிக் கோத்து எழுதிகீறான் பாரு, எந்த வக்கீலு எழுதுவான் இப்பிடி?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர்கள் போனதும், தெரேசை ஜூன் மாதம் ஆறாவதில் சேர்க்கப் போவதாகவும், போர்டிங்குக்கு நீங்கள் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி அனுப்ப வேண்டும் என்றும் எழுதச் சொன்னார். தெரேசுக்குக் கால் தரையில் படவில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது மாமா. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, சேர் என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியை அனுப்பிவிடுங்கள். கரி அள்ளுகிற வேலையையும் மறந்துவிட வேண்டாம். அவள் படிக்க வேண்டுமானால் நான் படிக்காதவனாக இருந்தாக வேண்டும்.