விசா தடுக்காத மூக்கு

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வாழும் தமிழர்களின் மூக்குகளை எல்லாம் தராசின் ஒரு தட்டில் குவித்து, மறு தட்டில் மூக்கரின் மூக்கை மட்டும் வைத்தால், எங்கள் தட்டு விர்ரென்று மேலே போய்விடும். அந்தக் குவியலில் என் மூக்கும் கிடக்கிறது என்பதால் இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். என்னுடையது கண்ணாடியைத் தாங்குவதற்காக மட்டும் படைக்கப்பட்டது.

மூக்கரின் சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் அவர் சொன்னதில்லை. அகதியாகப் படகில் வந்தவர். 2012 கடைசியில் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். வென்ட்வேர்த்வில்லில் ஐந்து பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். ஊரில் பைப் வேலை செய்தவர். இங்கே வேலை செய்ய விசாவில் அனுமதி இல்லை.

"நான் வேலை செய்யேல்லைத் தம்பி, மணந்து மட்டும் பாக்கிறன்," என்பார். "மணக்கிறதுக்கு விசாவில தடை இல்லை."

அந்த உரிமையை அவர் முழுதாகப் பயன்படுத்தினார். பரமட்டா போகிற ரயிலில் முன்பின் தெரியாத ஒரு பொடியனிடம் குனிந்து, "தம்பி, உங்கட பையுக்குள்ள பருப்புப் புளிச்சிட்டுது, மத்தியானம் சாப்பிடாதேங்கோ," என்றார். பொடியன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினான். மீன் கடைக்காரர் ஒருவர் மூக்கர் வருவதைக் கண்டாலே, "அண்ணை, தயவு செய்து வெளியில நில்லுங்கோ, நானே நல்லதாக் கொண்டு வாறன்," என்று கும்பிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்ட ஐந்து நிமிஷம் இருக்கும்போது, "காஸ் மணக்குது" என்று எழும்பி நின்றார். முந்நூறு பேர் பட்டுவேட்டி, பட்டுச்சேலையோடு கார் பார்க்கில் நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் அவரை அடிக்கப் போன நேரத்தில்தான், சமையல்காரர் ஓடிவந்து சிலிண்டர் வால்வு திறந்து கிடந்ததாகச் சொன்னார். அன்றைக்கு மூக்கருக்கு இரண்டு தரம் பாயாசம் கொடுத்தார்கள். இரண்டாவதை மணந்துவிட்டு, "அடிப்பிடிச்சது," என்று திருப்பிக் கொடுத்தார்.

இனி என் கதை. ஐம்பதை நெருங்கும்போது சிலர் தலைக்கு மை பூசுவார்கள்; சிலர் ஓடத் தொடங்குவார்கள். நான் பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்கினேன். கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாம் சக்கரத்தின் மேல். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் நானும் என் மனைவி கமலியும் கல்யாணம், செத்தவீடு, கோயில் தவிர வேறெதற்கும் சேர்ந்து பயணம் போனதில்லை. ஒரு தரமாவது சும்மா போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு தரம்கூடப் போகவில்லை, மணம் வந்துவிட்டது. கழிவுத் தொட்டியின் மணம். நீல மருந்து ஊற்றினேன். கோப்பித் தூள் வைத்தேன். கற்பூரம் போட்டேன். மல்லிகை ஸ்ப்ரே அடித்தேன். கடைசியில், மல்லிகைத் தோட்டத்துக்குள் ஒரு யானைக்கு வயிற்றோட்டம் போனது போல் இருந்தது. இங்கே சனவரிதான் கோடை, அந்த வெயில் வேறு. கிரவீனில் எங்கள் தெருவால் நாய் கூட்டிப் போகிறவர்கள் பாதை மாறினார்கள். நாய்கள்தான் எங்கள் வீட்டுப் பக்கம் இழுத்தன.

கமலி தீர்ப்புச் சொன்னாள். "குவேக்கர்ஸ் ஹில்லில ஒரு ஆள் வண்டி கேட்டவர். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிட்டன். அதுக்குள்ள மணம் போகாட்டி வண்டி போகும்."

சனிக்கிழமை காலை மூக்கரைக் கூட்டி வந்தேன். வாசலில் கால் வைத்ததும் கமலியைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, புதன்கிழமை கணவாய் சமைச்சனீங்களோ? கொஞ்சம் பழப்புளி கூடிப்போச்சு."

கமலி என்னைப் பார்த்த பார்வையில், விற்கப்படுவது வண்டி மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

மூக்கர் வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணை மூடி நின்றார். பிறகு நாலு காலில் ஊர்ந்தார். "இது கழிவு மணம். இது கோப்பி. இது கற்பூரம்." கதிரைக்குக் கீழே தலையை விட்டவர், "இது ஆட்டிறைச்சி ரோல்ஸ். நேற்றையான்," என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை. நான் விரதம்.

"இஞ்சருங்கோ!" என்றாள் கமலி வெளியிலிருந்து.

மூக்கர் காப்பாற்ற வந்தார். "அதை விடுங்கோ தங்கச்சி. இந்த மணம் எப்ப தொடங்கினது?"

"வாங்கேக்குள்ள இல்லை அண்ணை. வாகனப் பூசை முடிஞ்சு ஒரு கிழமையால."

மூக்கர் யோசித்தார். "தொட்டி இருந்தா மணம் இருக்கும். அது கூரையில இருக்கிற குழாயால மேல போகவேணும். இது போகாமல் உள்ளுக்கு வருது. எங்கால வருது எண்டு கண்ணால பாக்கவேணும். சாம்பிராணி இருக்கே?"

தொட்டியை வெறுமையாக்கி மூன்று தரம் கழுவிய பிறகு, ஒரு தகர வாளியில் சிரட்டைக் கரி மூட்டி, கோயிலுக்கு வாங்கிவைத்த சாம்பிராணி முழுவதையும் கொட்டினார். மூடியில் குழாய் பொருத்தி, மறு நுனியைத் தொட்டியின் வாயில் மாட்டினார். கமலி தலைமுடி காய வைக்கும் மெஷினால் காற்று அடித்தாள். என்னைக் கக்கூஸுக்குள் அனுப்பினார்கள்.

"தம்பி, மிதியைக் காலால அமத்துங்கோ!"

அமத்தினேன். கக்கூஸ் கோப்பையின் அடிமூடி திறந்தது. கோப்பைக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை தூணாக எழுந்து என் முகத்தில் அடித்தது. பூசை நேரத்தில் மூலஸ்தானத்துக்குள் மாட்டிக்கொண்டவன் போல் நின்றேன். ஜன்னல், கதவு, கட்டிலுக்கு மேலுள்ள சின்ன ஜன்னல், எல்லாவற்றாலும் புகை. கூரைக் குழாயில் மட்டும் ஒரு நூல்கூட இல்லை.

"கூரையால வரேல்லை!" என்று மூக்கர் வெளியே துள்ளினார். "பிடிச்சிட்டன்! பிடிச்சிட்டன்!"

அதே நேரத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் கென்னும் போனைப் பிடித்துவிட்டார். ஏழாவது நிமிஷம் தீயணைப்பு வண்டி எங்கள் தெருவில் அலறிக்கொண்டு நின்றது.

ஹெல்மெட் போட்ட ஒரு ஆறடி மனிதர் இறங்கி, புகை கக்கும் வண்டியையும், இருமிக்கொண்டு வெளியே வந்த என்னையும், கையில் மெஷினோடு நின்ற கமலியையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன எரிகிறது என்று கேட்டார். சாமிக்குப் போடுகிறது என்றேன். யார் போட்டது என்றார். கக்கூஸுக்குள்ளா என்றார். என் ஆங்கிலம் அவ்வளவில் முடிந்துபோனது.

மூக்கர்தான் முன்னே போனார். முதலில் தன் மூக்கைக் காட்டினார். பிறகு கூரையைக் காட்டினார். பிறகு கழுத்தை நெரிப்பது போல் காட்டினார். எனக்கு அது கொலை மிரட்டல் போலத்தான் பட்டது. அந்த மனிதருக்கோ எல்லாம் விளங்கியது. ஏணி வைத்து ஏறி, குழாய்க்குள் இடுக்கியை விட்டு, வெடிகுண்டு எடுப்பது போல் எதையோ எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கறுத்துச் சுருங்கிய ஒரு எலுமிச்சம்பழம்.

யாருடையது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கென் கூட.

வாகனப் பூசையன்று, கண்ணூறு படாமல் உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னது கமலி. ஏறியவன் நான். கூரை சரிவு, பழம் உருண்டு உருண்டு விழுந்தது. பார்த்தால், அளவெடுத்த மாதிரி ஒரு வட்டமான ஓட்டை. இந்த வெள்ளைக்காரர்கள் எங்கள் சமயத்தையும் நினைத்து வண்டி கட்டியிருக்கிறார்களே என்று மனம் உருகி, அதற்குள் வைத்து அமத்திவிட்டு இறங்கினேன்.

"நான் உச்சியில வையுங்கோ எண்டனான்," என்றாள் கமலி. "அடைச்சு விடுங்கோ எண்டு சொன்னனானே?"

மூக்கர் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். அவர் சிரிப்பதைக் கண்டு தீயணைப்புக்காரரும் சிரித்தார். கமலிக்கும் அடக்க முடியவில்லை. புல்லில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

அன்று பின்னேரம் மணம் போய்விட்டது. கமலி குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போன் எடுத்து, "விக்கேல்லை," என்று ஒற்றைச் சொல்லோடு வைத்தாள். மூக்கருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "கணவாய்," என்றார். "புளியைக் குறைச்சு."

அடுத்த மாதம் தெற்குக் கரைப் பக்கம் புறப்பட்டோம். "நீங்களும் வாங்கோ அண்ணை, இடமிருக்கு," என்று கமலி எவ்வளவோ கேட்டாள். விசா நேர்காணலுக்குக் கடிதம் எந்த நாளும் வரலாம், வீட்டை விட்டு அசையேலாது என்றுவிட்டார். புறப்படும் காலையில் நடந்தே வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி மணந்து, "போட்டு வாங்கோ," என்றார்.

கயாமா தாண்டி, றோட்டுக்குப் பக்கத்தில் கடல் திறந்தபோது, போன் அடித்தது. மூக்கர்தான்.

"எப்பிடித் தங்கச்சி, மணம் ஏதும்?"

கமலி ஜன்னலைத் திறந்து போனை வெளியே நீட்டினாள். "மணக்குதே அண்ணை?" என்று காற்றோடு கத்தினாள்.

ஸ்பீக்கரில் ஒரு நீளமான மூச்சு உள்ளே போகும் சத்தம் கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றார். "நல்ல உப்பு."

பின்னால் நாலு கார்கள் ஹோர்ன் அடித்தன. நான் வண்டியை இன்னும் மெதுவாக்கினேன். மனிதர் ஆறுதலாக மணக்கட்டும்.