பத்துச் சக்கரத்துக்கும் காவல் உண்டு

பேரன்புள்ள வெர்னா அத்தைக்கு,

டெல்லா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அரிசோனாவில் நாங்கள் மூவரும் நலம், டயர்கள் பத்தும் நலம். அங்கே நெப்ராஸ்காவில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலம்தானே?

போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கடிதம். "இன்னொரு டயர் வெடிச்சுதுன்னா பொண்ணை நான் இங்க கூட்டிட்டு வந்து பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவேன்" என்று அப்பாவிடம் சொன்னீர்களாம். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான் பாதியில் நின்றதில் பள்ளிக்கூடத்துக்கு வருத்தமே இல்லை. நான் வகுப்பில் இருந்ததே அதற்குத் தெரியாது. எனக்குப் படுக்கை, அடுப்போடு ஓடும் இந்த மோட்டார்ஹோம்தான் வீடு, சாலைதான் தெரு. இனி டயர் வெடிக்காது. அதற்கு நான் பொறுப்பு.

அப்பாவின் பழைய முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் ஓக் கட்டையால் ஒவ்வொரு டயரையும் ஓங்கித் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். "டயர் பேசும்மா, காது இருந்தா போதும்" என்பார். அப்படி நன்றாகப் பேசிய டயர்தான் டூசான் சாலையில் வெடித்தது. கிழிந்த ரப்பர் மேலே இருந்த தரைப் பலகையைப் பெயர்த்து, அலமாரிக்குள் புகுந்து, அம்மாவின் மாவு டப்பாவை உடைத்ததில், நாங்கள் மூவரும் பனிமனிதர்கள்போல் இறங்கினோம். உதவிக்கு நின்ற லாரிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறப் போனார்.

அதற்குப் பிறகுதான் டயரின் காற்றைக் கண்காணிக்கும் கருவி வாங்க முடிவானது. தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு. டயருக்குள் பொருத்தும் வகை வேண்டாம் என்றேன். டயர் அத்தனையையும் கழற்ற வேண்டும். வால்வின் மேல் மூடிபோல் திருகும் சின்ன வகையும் வேண்டாம். பின்னால் இரட்டை டயர், உள் டயருக்குக் கை போகாது, காற்றடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றுவது யார்? திருகியபடியே காற்றடிக்க விடும் வகைதான் சரி. அது கனம், அதனால் ரப்பர் வால்வை மாற்றி உலோக வால்வு. வண்டி நீளம், அதனால் சிக்னலை வாங்கி முன்னால் அனுப்ப நடுவில் ஒரு பெட்டி. பின்னால் கட்டி இழுக்கும் காருக்கும் நான்கு. இதை எல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "எந்த இன்ஜினியர் எழுதிக் கொடுத்தது?" என்று அப்பாவிடம் கேட்டார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

விலையில் சண்டை வந்தது. "இந்தக் காசுக்கு ரெண்டு டயரே வாங்கலாம்" என்றார் அப்பா. "வாங்கி? அதையும் தட்டித் தட்டி வெடிக்க வைக்கவா?" என்று அம்மா கேட்டாள். கருவியை வாங்கிப் பொருத்திய பிறகும் கோபம் தீராமல், மறுநாள் காலையில், வண்டியில் இன்னும் மாட்டாத காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா வழக்கம்போல், "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார். அம்மாவிடமிருந்து சத்தம் இல்லை. நான் எப்போதும்போல் தலையை மட்டும் ஆட்டினேன். கிளம்பிவிட்டார்.

கொஞ்ச தூரத்திலேயே கருவி அலறியது. காரின் நான்கு டயரையும் காணவில்லை என்றது. "முதல் நாளே பொய் சொல்லுது பாரு" என்று அப்பா சத்தத்தை நிறுத்தினார். நான் பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வாயில் வார்த்தை வருவதற்குள் ஓர் ஊரே கடந்துவிட்டது.

"அப்பா... அம்மா..."

"படுத்திருப்பா, விடு."

"அப்பா, காரே இல்ல."

திரும்பிப் போனால், அம்மா காருக்குள் பீச் பழம் வைத்த 'பை' பலகாரம் தின்றுகொண்டிருந்தாள். "மெஷின் வந்ததும் பொண்டாட்டி வேண்டாம்னு ஆயிடுச்சோ?"

"உன்னைக் காணோம்னு சொன்னதே அந்த மெஷின்தான் மார்லா!"

அன்றிலிருந்து அப்பா கருவியின் திரையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஓக் கட்டையால் அம்மா கம்பளம் தட்டுகிறாள். போன வாரம் உள் டயரில் ஆணி ஏறியதையும் வெடிக்கும் முன்பே கருவி சொல்லிவிட்டது. ஆகவே அத்தை, இந்த வண்டியில் எதுவும் இனிக் காணாமல் போகாது. என்னை அழைத்துப்போக வர வேண்டாம்.

உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். பூனைக்கு என் முத்தம்.

உங்கள் அன்பு மருமகள்,
டெல்லா

பி.கு.: இதைத் தபால் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். உறையை ஒட்டப் போகும்போது வெளியே நம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று அப்பா கேட்டிருப்பார். நான் வழக்கம்போல் பதில் சொல்லாமல் இருந்திருப்பேன். திரையில் பத்துச் சக்கரமும் பச்சை காட்டும். என் மேல்தான் கருவி எதுவும் திருகவில்லை. கவுன்டரில் இருக்கும் பெண்மணியிடம் போன் கேட்கலாமென்று போவதும், கேட்க வாய் வராமல் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு திரும்புவதுமாக இருக்கிறேன். உறையில் இத்தனை ஸ்டாம்பு அதனால்தான். நீங்கள் வந்துவிடுங்கள் அத்தை. கிளம்பும் முன் டயரில் காற்று பாருங்கள். தட்டிப் பார்க்காதீர்கள்.